கார்பன் இல்லாத உயிரைக் கட்டிப் பார்க்க ஒரு மாதிரிப் பெட்டி போதுமா?

பந்துகளையும் குச்சிகளையும் இணைத்து மூலக்கூறுகளைக் கட்டிப் பார்க்கும் மாதிரிப் பெட்டிகள் வேதியியல் மாணவர்களுக்காகத் தயாரிக்கப்படுபவை. தேர்வுக்குப் படிப்பவர் ஈத்தேனையும் பென்சீனையும் கட்டி, வடிவத்தை மனத்தில் இருத்திக்கொண்டு, பெட்டியை மூடிவிடலாம். அந்த அளவில் இவற்றைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நான் இதை வாங்கியது வேறொரு காரணத்துக்காக. பூமிக்கு வெளியே உயிர் இருக்குமானால் அதுவும் கார்பனையும் நீரையும் நம்பியே இருந்தாக வேண்டுமா, அல்லது சிலிக்கான், அம்மோனியா, மீத்தேன் போன்றவற்றைக் கொண்டு வேறொரு வேதியியலில் எழ முடியுமா என்ற கேள்வியைப் பற்றிப் பல காலமாகப் படித்து வந்திருக்கிறேன். படித்ததைக் கையால் கட்டிப் பார்த்தால் கூடுதலாக என்ன புலப்படும் என்று அறிய விரும்பினேன். ஆகவே இது ஒரு பொருளுக்கான மதிப்புரைதான் என்றாலும், அந்தப் பொருளை அதன் தயாரிப்பாளர் எண்ணியிராத ஒரு வேலையில் ஈடுபடுத்திவிட்டு எழுதுவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதையெல்லாம் கட்ட முடியும் என்பதை இந்தப் பெட்டி மிக நன்றாகக் காட்டுகிறது, கட்டியது நிலைக்குமா என்பதைப் பற்றி அது வாய் திறப்பதே இல்லை. மாற்று உயிர்வேதியியலின் சிக்கல்களில் பெரும்பாலானவை இரண்டாவது கேள்வியைச் சேர்ந்தவை.

பெட்டிக்குள் இருப்பவை வழக்கமானவையே. கார்பனுக்கு நான்கு துளைகள் கொண்ட கருப்புப் பந்துகள், ஹைட்ரஜனுக்கு ஒற்றைத் துளையுள்ள வெள்ளைப் பந்துகள், ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், கந்தகத்துக்கு மஞ்சள், பாஸ்பரஸுக்கு ஊதா, குளோரினுக்குப் பச்சை. ஒற்றைப் பிணைப்புக்கு விறைப்பான குட்டைக் குச்சிகள், இரட்டைப் பிணைப்புக்கும் முப்பிணைப்புக்கும் வளையக்கூடிய நீண்ட குச்சிகள். இந்த நிற மரபு பழையது. 1865 ஆம் ஆண்டில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியலாளர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன் குரோக்கே விளையாட்டுப் பந்துகளை இணைத்து மூலக்கூறுகளை விளக்கியபோதே கார்பன் கருப்பாகவும், ஹைட்ரஜன் வெள்ளையாகவும், ஆக்சிஜன் சிவப்பாகவும், நைட்ரஜன் நீலமாகவும் இருந்தன. ஆனால் அவர் காட்டிய மீத்தேன் தட்டையானது. கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் முனைகளை நோக்கி நீள்கின்றன என்று வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் 1874 இல் தனித்தனியே முன்வைத்த பிறகுதான் மாதிரிகளுக்கு உண்மையான முப்பரிமாணம் கிடைத்தது. என் பெட்டியில் துளைகளின் கோணம் துல்லியமாகவே இருக்கிறது. ஆறு கருப்புப் பந்துகளை வளையமாகக் கோத்தால், அது தட்டையாகப் படுக்க மறுத்து, பாடநூல்கள் சொல்லும் நாற்காலி வடிவத்துக்குத் தானாகவே சரிகிறது. பிளாஸ்டிக்கின் தரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை.

மாற்று உயிரைத் தேடுபவருக்கு முதல் ஏமாற்றம் பெட்டியைத் திறந்தவுடனேயே காத்திருக்கிறது: சிலிக்கானுக்குத் தனிப் பந்து கிடையாது. கருப்புப் பந்துகளில் சிலவற்றின் மீது வண்ணம் பூசியோ, நான்கு துளையுள்ள ஊதாப் பந்துகளைச் சிலிக்கானாகப் பாவித்தோதான் வேலையைத் தொடங்க முடியும். நான் ஊதாவைத் தேர்ந்தெடுத்தேன். நான்கு வெள்ளைப் பந்துகளைப் பொருத்தியவுடன் சிலேன் கிடைத்தது. பக்கத்தில் வைத்த மீத்தேனுக்கும் அதற்கும் நிறத்தைத் தவிர வேறுபாடு இல்லை. ஊதாப் பந்துகளைச் சங்கிலியாகக் கோத்தேன். கருப்புச் சங்கிலியைப் போலவே வளைந்தது, கிளை விட்டது, வளையமாக மூடிக்கொண்டது. தனிம அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே இருப்பதாலும், நான்கு பிணைப்புகளை உருவாக்குவதாலும், சிலிக்கானும் உயிரின் அடித்தளமாக இருக்கலாம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதினார்கள். அந்த எண்ணம் ஏன் அவ்வளவு எளிதாகத் தோன்றியது என்பதை இந்தப் பெட்டி ஐந்து நிமிடத்தில் புரியவைத்துவிடுகிறது. அந்த எண்ணம் ஏன் பிழைபடுகிறது என்பதைப் புரியவைக்க அதனிடம் எதுவும் இல்லை.

கருப்புக்கும் கருப்புக்கும் இடையே நான் செருகும் குச்சியும், ஊதாவுக்கும் ஊதாவுக்கும் இடையே செருகும் குச்சியும் ஒரே குச்சிதான். இயற்கையில் அப்படி இல்லை. இரு கார்பன் அணுக்களுக்கு இடையிலான ஒற்றைப் பிணைப்பின் நீளம் 154 பிக்கோமீட்டர் (ஒரு பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு). அதை முறிக்க மோலுக்கு, அதாவது வேதியியலாளர்கள் அளவாகக் கொள்ளும் ஒரு நிலையான எண்ணிக்கைப் பிணைப்புகளுக்கு, சுமார் 347 கிலோஜூல் வேண்டும். சிலிக்கான் அணுக்களுக்கு இடையே நீளம் ஏறத்தாழ 235 பிக்கோமீட்டர்; முறிக்கச் சுமார் 222 கிலோஜூல் போதும். இந்த எண்களைத் தனியாகப் பார்த்தால் சிலிக்கான் சற்றே தளர்வானது என்று மட்டும் தோன்றும். ஆக்சிஜனையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் நிலைமை விளங்கும். கார்பன், ஆக்சிஜன் ஒற்றைப் பிணைப்பின் வலிமை சுமார் 358 கிலோஜூல். கார்பன் தன்னோடு தானே பிணைவதற்கும் ஆக்சிஜனோடு பிணைவதற்கும் இடையே அதிக வித்தியாசம் இல்லை. எனவே ஆக்சிஜன் சூழ்ந்த உலகிலும் கார்பன் சங்கிலிகள் பொறுமையாக இருக்கின்றன. சர்க்கரை தீயிட்டால் எரியும், இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். சிலிக்கான், ஆக்சிஜன் பிணைப்பின் வலிமையோ சுமார் 452 கிலோஜூல், அதாவது சிலிக்கான் தன்னோடு பிணைவதைப் போல இரு மடங்கு. ஆகவே ஆக்சிஜனையோ நீரையோ சந்தித்த சிலிக்கான் சங்கிலி தன் இனத்தை உதறிவிட்டு அதன் பக்கம் ஓடுகிறது. சிலேன் வாயு காற்று பட்டவுடன் தானே தீப்பிடிக்கிறது. என் மேசை மீது சாந்தமாக நிற்கும் அந்த ஊதாச் சங்கிலியை இந்த உலகின் காற்றில் ஒரு கணமும் நிறுத்த முடியாது.

இதற்கு அடுத்த சோதனை பெட்டியின் குறையையும் நிறையையும் ஒருசேரக் காட்டியது. ஒரு கருப்புப் பந்தின் இருபுறமும் இரண்டிரண்டு வளைந்த குச்சிகளால் சிவப்புப் பந்துகளை இணைத்தால் கார்பன் டை ஆக்சைடு. ஊதாவை வைத்தும் அதே மாதிரியைத் தடையின்றிக் கட்டிவிடலாம். இந்த இடத்தில் பெட்டி நம்மைத் தவறான வழியில் கொண்டுசெல்கிறது. சிலிக்கான் அணு பெரியது. ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பை நிலையாக வைத்துக்கொள்ள அதனால் இயலாது. அது நான்கு ஆக்சிஜன்களோடு ஒற்றைப் பிணைப்பையே நாடும்; ஒவ்வொரு ஆக்சிஜனும் இன்னொரு சிலிக்கானைப் பற்றிக்கொள்ளும். சரியான முறையில் மீண்டும் கட்டினேன். இம்முறை மாதிரி முடிய மறுத்தது: எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு சிவப்புப் பந்தின் துளை திறந்தே இருந்தது, அதை மூட இன்னொரு ஊதா தேவைப்பட்டது, அந்த ஊதாவுக்கு மேலும் மூன்று சிவப்பு. பந்துகள் தீர்ந்தனவே தவிர மூலக்கூறு முடியவில்லை. படிகக்கல் என்பது இதுதான். அதை உருக்க 1,700 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். உணவை எரித்து ஆற்றல் பெறும் நாம் கழிவைக் காற்றாக வெளியேற்றுகிறோம், அதைத் தாவரங்கள் அங்கிருந்தே எடுத்துக்கொள்கின்றன. சிலிக்கானை எரித்து வாழும் உயிர் ஒவ்வொரு மூச்சிலும் மணலை வெளியேற்ற வேண்டும். அந்த மணலிலிருந்து சிலிக்கானை மீட்டெடுக்கும் வேலையை யாராவது செய்தும் ஆகவேண்டும். எண்களைப் படித்தபோது இதை நான் அறிந்திருந்தேன் என்றாலும், பந்துகள் தீர்ந்த அந்த இடத்தில்தான் இதன் கனம் எனக்கு உறைத்தது. பெட்டிக்கு முழு மதிப்பெண் தர வேண்டிய இடம் இது.

பூமியின் மேலோட்டில் எடை அளவில் ஏறத்தாழ 28 விழுக்காடு சிலிக்கான், 46 விழுக்காடு ஆக்சிஜன். கார்பனோ ஒரு விழுக்காட்டின் மிகச் சிறு பகுதி. அப்படியிருந்தும் பூமியின் உயிர்கள் அனைத்தும் அரிதான கார்பனையே தேர்ந்தன. டையட்டம் என்னும் நுண்பாசிகள் சிலிக்காவால் தம் சுவர்களைக் கட்டிக்கொள்கின்றன; ஆனால் வீட்டுச் சுவராகத்தான், வளர்சிதை மாற்றத்தின் ஊடகமாக இல்லை. விண்மீன்களுக்கு இடையிலான வாயு மேகங்களில் இதுவரை அடையாளம் காணப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட மூலக்கூறு வகைகளில் பெரும்பாலானவை கார்பன் கொண்டவை. சிலிக்கான் கொண்டவை வெகு சிலவே. இதையெல்லாம் வைத்துச் சிலிக்கானை அடியோடு ஒதுக்கிவிடுபவர்களோடும் நான் முழுமையாக உடன்படவில்லை. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் பிரான்சஸ் ஆர்னால்டின் குழு, வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் புரதத்தை ஆய்வகத்தில் படிப்படியாகப் பரிணமிக்கச் செய்து, கார்பனுக்கும் சிலிக்கானுக்கும் இடையே பிணைப்பை உருவாக்கும் நொதியாக 2016 இல் மாற்றிக் காட்டியது. சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும் முதுகெலும்பும், அதன் பக்கங்களில் கார்பன் தொகுதிகளும் கொண்ட சிலிக்கோன்கள் கார்பன் சங்கிலிகளைவிட அதிக வெப்பத்தைத் தாங்குகின்றன. கலப்பு வேதியியலுக்கு இடம் இருக்கிறது என்பதுதான் என் எண்ணம்; அந்தக் கலப்பு மாதிரிகளைக் கட்டுவதற்கு இந்தப் பெட்டி மிகப் பொருத்தமானது.

பாஸ்பரஸ் விஷயத்தில் பெட்டி இன்னும் மோசமாக ஏமாற்றுகிறது. டிஎன்ஏவின் இரு சர்க்கரைகளை இணைக்கும் பாஸ்பேட் பாலத்தைக் கட்டிவிட்டு, நடுவில் இருக்கும் ஊதாப் பந்தை ஆர்சனிக் என்று சொல்லிக்கொண்டால் போதும், ஆர்சனிக் டிஎன்ஏ தயார். ஒரே குழுவைச் சேர்ந்த தனிமங்கள், ஒரே வடிவம், ஒரே மின்சுமை. 2010 டிசம்பரில், கலிபோர்னியாவின் மோனோ ஏரியிலிருந்து எடுக்கப்பட்ட ஜிஎஃப்ஏஜே-1 என்னும் பாக்டீரியா பாஸ்பரஸுக்குப் பதிலாக ஆர்சனிக்கைத் தன் டிஎன்ஏவில் பயன்படுத்துகிறது என்ற ஆய்வறிக்கை சயன்ஸ் இதழின் வழியாக உலகெங்கும் செய்தியானதற்குப் பின்னால் இதே ஒப்புமைதான் இருந்தது. 2012 இல் அதே இதழில் வெளிவந்த இரு ஆய்வுகள், அந்த பாக்டீரியாவுக்கும் பாஸ்பரஸ் தேவை என்றும், தூய்மைப்படுத்தப்பட்ட அதன் டிஎன்ஏவில் பிணைந்த ஆர்சனிக் இல்லை என்றும் காட்டின. ஆசிரியர்களின் எதிர்ப்பையும் மீறி 2025 ஜூலையில் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. டிஎன்ஏவின் பாஸ்பேட் பிணைப்பு நீரில் தானாகச் சிதைவதற்கான அரை ஆயுள் அறை வெப்பநிலையில் சுமார் 3 கோடி ஆண்டுகள் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அதே இடத்தில் பாஸ்பேட்டின் ஆர்சனிக் இணையான ஆர்சனேட் இருந்தால் அது ஒரு நொடிக்கும் குறைவு. வடிவத்தில் இரட்டையர்களான இரு மூலக்கூறுகளின் ஆயுளில் இப்படி ஒரு பிளவு இருக்கும்போது, அதைக் காட்டும் சிறு குறியீடுகூட இல்லாத மாதிரியை நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஒரு மரபுப் பொருள் அழியாமலும் இருக்க வேண்டும், தேவைப்படும்போது நொதியால் வெட்டப்படவும் வேண்டும்; பாஸ்பேட்டின் எதிர்மின்சுமை நீரைத் தள்ளிவைத்து இந்த இரண்டையும் சாத்தியமாக்குகிறது என்று வேதியியலாளர் பிராங்க் வெஸ்ட்ஹைமர் 1987 இல் விளக்கினார். மின்சுமையைக் காட்டவும் பெட்டியில் ஏற்பாடு இல்லை.

கரைப்பானைப் பொறுத்தவரை பெட்டியின் போதாமை வேறு வகையானது. உயிர் என்பது மூலக்கூறுகளின் பட்டியல் மட்டும் அன்று. அவை எதில் மிதக்கின்றன என்பதும் அதே அளவுக்கு முக்கியம். மேசையின் மீது நிற்கும் மாதிரி வெற்றிடத்தில் நிற்கிறது. ஆயினும் ஒரு பயிற்சியை இங்கே பரிந்துரைப்பேன். நீர்ம அம்மோனியாவைக் கரைப்பானாகக் கொண்ட உயிர் சாத்தியம் என்று உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1954 இல் ஒரு கருத்தரங்கில் கூறினார். அந்த உலகில் புரதங்கள் எப்படி இருக்கும் என்று பார்க்க, சிறிய புரதத் துண்டு ஒன்றைக் கட்டி, அதில் கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் ஒவ்வொரு சிவப்புப் பந்தையும் எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு நீலப் பந்தையும் அதனோடு ஒரு வெள்ளையையும் வையுங்கள். நம் வேதியியலில் ஆக்சிஜன் செய்யும் வேலையை அங்கே நைட்ரஜன் எடுத்துக்கொள்வது கண்முன்னே நிகழும். அம்மோனியா சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 78 முதல் மைனஸ் 33 டிகிரி வரையில்தான் நீர்மமாக இருக்கிறது என்பதையும், அதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஈர்த்துவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு நீரில் உள்ளதைவிட வலுக்குறைந்தது என்பதையும், ஆகவே எண்ணெய்ப் பசையுள்ள மூலக்கூறுகளை ஒதுக்கித் தள்ளிச் சவ்வாகத் திரட்டும் திறன் அதற்குக் குறைவு என்பதையும் வேறிடத்தில் படித்துத்தான் அறிய வேண்டும்.

நான் மிக விரும்பிக் கட்டியது டைட்டனுக்கான சவ்வு. சனிக்கோளின் இந்தத் துணைக்கோளில் ஹைகன்ஸ் ஆய்கலம் 2005 ஜனவரி 14 அன்று இறங்கியது; அதன் தரையில் வெப்பநிலை மைனஸ் 179 டிகிரி, ஏரிகளில் மீத்தேனும் ஈத்தேனும். அத்தகைய ஏரியில் நம் செல்களின் கொழுப்புச் சவ்வு வேலை செய்யாது. 2015 இல் கார்னெல் பல்கலைக்கழகக் குழு ஒன்று அக்ரிலோநைட்ரைல் என்னும் சிறு மூலக்கூறால் ஆன சவ்வைக் கணினியில் கணித்து, அதற்கு அசோட்டோசோம் என்று பெயரிட்டது. மூன்று கருப்பு, மூன்று வெள்ளை, ஒரு நீலம், ஓர் இரட்டைப் பிணைப்பு, ஒரு முப்பிணைப்பு: இவ்வளவுதான் அந்த மூலக்கூறு. பலவற்றைக் கட்டி, நைட்ரஜன் தலைகள் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்து உள்ளே இருக்குமாறும் கார்பன் வால்கள் வெளியே இருக்குமாறும் இரண்டு வரிசையாக அடுக்கினேன். நம் சவ்வில் நீரை விரும்பும் தலைகள் வெளியே, வால்கள் உள்ளே; இங்கே எல்லாம் தலைகீழ். வெளியே இருப்பது நீரில்லை, மீத்தேன் என்றவுடன் உள்ளும் புறமும் இடம் மாறியாக வேண்டும் என்பதைக் கையிலுள்ள அடுக்கு எந்தச் சொல்விளக்கமும் இன்றிக் காட்டியது. 2017 இல் ஆல்மா தொலைநோக்கித் தரவுகள் டைட்டனின் வளிமண்டலத்தில் அக்ரிலோநைட்ரைல் இருப்பதை உறுதிசெய்தபோது பலருக்கும் நம்பிக்கை கூடியது. ஆனால் 2020 இல் சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்ட கணக்கீடுகள், அந்தக் குளிரில் இம்மூலக்கூறுகள் தாமாகச் சவ்வாகத் திரளுவதைவிடப் படிகப் பனியாக உறைவதே ஆற்றல் அளவில் சாதகமானது என்று காட்டின. நான் கையால் அடுக்கியதை இயற்கை தானாக அடுக்கிக்கொள்ளாது. என் விரல்கள் அங்கே செய்த வேலைக்கு ஆற்றல் கணக்கு ஒன்று உண்டு என்பதை அடுக்கும்போது நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

வெப்பநிலை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மோலுக்கு 50 கிலோஜூல் தடையைத் தாண்ட வேண்டிய ஒரு வினை, அறை வெப்பநிலையில் ஒரு நொடியில் நடந்துமுடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வினைவேகத்துக்கான அரேனியஸ் சமன்பாட்டில் டைட்டனின் வெப்பநிலையை இட்டால், அதே வினைக்கு அங்கே ஏறத்தாழ 30,000 கோடி ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயதோ சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். அங்கே வேதியியல் நடக்க வேண்டுமானால் தடைகள் மிகச் சிறியவையாக இருக்க வேண்டும், அதாவது பிணைப்புகள் தளர்வானவையாக இருக்க வேண்டும். இந்தக் கோணத்தில் பார்த்தால், நம் உலகில் சிலிக்கானின் பலவீனமாக இருப்பது கடுங்குளிரில் அதன் தகுதியாக மாறக்கூடும்; நீரும் அதிலுள்ள ஆக்சிஜனும் பனிக்கட்டியாக உறைந்து ஒதுங்கிக் கிடக்கும் இடத்தில் சிலிக்கான் சங்கிலிகளுக்கு எதிரிகளும் குறைவு. டைட்டனில் சிலிக்கான் தடித்த பனி ஓட்டுக்கு அடியிலுள்ள பாறைகளில் அடைபட்டுக் கிடக்கிறது என்பதால் அந்தக் குறிப்பிட்ட இடத்தில் இதற்கு வழியில்லை என்பது வேறு விஷயம். நாசாவின் டிராகன்ஃபிளை ஆய்கலம் 2028 இல் புறப்பட்டு 2034 இல் டைட்டனை அடையும் என்று திட்டமிடப்பட்டுள்ளது; தரையின் கார்பன் வேதியியல் எந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறது என்பதை அது சொல்லும்.

எதிர்முனையில் வெள்ளியின் மேகங்கள் இருக்கின்றன. அங்குள்ள துளிகள் செறிந்த கந்தக அமிலம். சர்க்கரையைக் கரியாக்கும் இந்த அமிலத்தில் டிஎன்ஏவின் முதுகெலும்பு நிற்காது. ஆனால் மரபு எழுத்துகளாக விளங்கும் அடினின், குவானின் முதலிய காரங்கள் அதில் சிதையாமல் இருப்பதை 2023 இல் வானியலாளர் சாரா சீகரின் குழு ஆய்வகத்தில் காட்டியது. கட்டிப் பார்க்க இதில் புதிதாக எதுவும் இல்லாததால் கடந்து செல்கிறேன்.

இந்தப் பெட்டி ஈடு இணையற்றதாக விளங்கும் ஓரிடம் உண்டு: ஆடிப்பிம்ப உயிர். மாற்று வேதியியல் என்றவுடன் எல்லோரும் வேறு தனிமங்களையே நினைக்கிறார்கள். அதே தனிமங்கள், அதே பிணைப்புகள், அதே ஆற்றல்கள், ஆனால் இடம் வலமாகத் திரும்பிய உயிர் என்பதும் மாற்று வேதியியல்தான். ஒரு கருப்புப் பந்தின் நான்கு துளைகளிலும் நான்கு வெவ்வேறு தொகுதிகளைப் பொருத்தி அலனின் என்னும் அமினோ அமிலத்தைக் கட்டுங்கள். பின்பு ஏதேனும் இரண்டு தொகுதிகளை இடம் மாற்றி இன்னொன்றைக் கட்டுங்கள். இரண்டையும் எப்படித் திருப்பினாலும் ஒன்றன் மீது ஒன்று பொருந்தாது. பூமியின் புரதங்கள் இவற்றில் இடக்கை வகையையே பயன்படுத்துகின்றன. ஹோஃப்மனின் தட்டை மாதிரியில் இந்த வேறுபாட்டைக் காட்டியிருக்கவே முடியாது. திரையில் சுழலும் படத்திலும் அது பாதிதான் மனத்தில் பதிகிறது. பெட்டி இங்கே எதையும் மறைக்கவும் இல்லை, ஏனெனில் ஆடிப்பிம்ப மூலக்கூறுகள் இரண்டுக்கும் பிணைப்பு வலிமையும் நிலைப்புத்தன்மையும் ஒன்றே. பென்னு சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் பூமிக்கு வந்த மாதிரிகளில், நம் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14 கண்டறியப்பட்டன. அவற்றில் இரு கை வகைகளும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. ஆகவே வேறோர் உலகில் உயிர் வலக்கை வகையைத் தேர்ந்திருக்கத் தடை எதுவும் தெரியவில்லை. ஆய்வகத்தில் ஆடிப்பிம்ப பாக்டீரியாவை உருவாக்கினால், நம் நோயெதிர்ப்பு அமைப்புகள் அதை அடையாளம் காணத் தவறக்கூடும் என்று 38 அறிவியலாளர்கள் 2024 டிசம்பரில் எச்சரித்தது வெறும் கற்பனை அச்சம் அன்று என்பது, பொருந்தாத அந்த இரு மாதிரிகளைக் கையில் வைத்திருக்கும்போது நன்றாகவே விளங்குகிறது.

கட்டிக்கொண்டிருக்கும்போது எனக்குத் தோன்றிய இன்னொரு பயன்பாட்டையும் குறிப்பிட வேண்டும். வேற்றுலக உயிர் எந்தத் தனிமங்களால் ஆனது என்றே தெரியாதபோது அதை எப்படி அடையாளம் காண்பது? வேதியியலாளர் லீ குரோனினும் இயற்பியலாளர் சாரா வாக்கரும் முன்வைக்கும் தொகுப்புக் கோட்பாடு, ஒரு மூலக்கூறைக் கட்ட ஆகும் குறைந்தபட்சப் படிகளை எண்ணச் சொல்கிறது. ஒருமுறை கட்டிய துண்டை மீண்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது விதி. 2021 இல் வெளிவந்த ஆய்வில், இந்த எண்ணிக்கை 15ஐத் தாண்டிய மூலக்கூறுகள் உயிரிலிருந்து வந்த மாதிரிகளில் மட்டுமே காணப்பட்டதாகக் கூறினார்கள். இந்த எல்லையை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எனக்கும் 15 என்ற எண்ணின் மீது பெரிய பற்று இல்லை. ஆனால் ஒரு மூலக்கூறைக் கட்டிக்கொண்டே படிகளை எண்ணும்போது, தற்செயலாகக் கூடியதற்கும் யாரோ அல்லது எதுவோ திரும்பத் திரும்பக் கட்டியதற்கும் உள்ள வேறுபாடு என்னவென்று கைக்குப் புரிகிறது. எந்தத் தனிமம் என்ற கேள்வியையே தள்ளிவைத்துவிட்டு உயிரைத் தேடுவதற்கு இதைவிடத் தெளிவான அறிமுகத்தை நான் பார்த்ததில்லை. ஒரே இடையூறு, மேசை மீது துண்டை நகலெடுக்க முடியாது. மறுபடியும் கட்டத்தான் வேண்டும், அந்த வேலையைக் கணக்கில் சேர்க்காமல் விடவும் வேண்டும்.

இனிக் குறைகள். முப்பிணைப்புக்கு மூன்று வளைந்த குச்சிகளை ஒரே இடைவெளியில் செருகும்போது துளைகள் மீது அழுத்தம் விழுகிறது. அசோட்டோசோமைப் பலமுறை பிரித்துக் கட்டிய பின் சில கருப்புப் பந்துகளின் துளைகள் தளர்ந்துவிட்டன. கையேடு பாடத்திட்டத்தைத் தாண்டி ஒரு வரியும் எழுதவில்லை. ஹைட்ரஜன் பிணைப்பைக் காட்டத் தனி இணைப்பு இல்லை. நீரின் தனித்தன்மையில் பாதி அந்தப் பிணைப்பில் இருப்பதால் இது சிறு குறை அன்று. அவகாட்ரோ போன்ற இலவச மென்பொருளில் அதே மூலக்கூறை வரைந்தால், அது ஆற்றலைக் கணித்து, இயல்பற்ற கோணங்களைத் தானே திருத்திவிடும். இந்த வகையில் பெட்டி பின்தங்கியதுதான். ஆனால் மென்பொருளில் சிலிக்கான் டை ஆக்சைடைச் சில சொடுக்குகளில் வரைந்து முடித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். பந்துகள் தீர்ந்துபோகும் அனுபவம் அங்கே வாய்க்காது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதையே நான் விரும்புகிறேன்.

இந்தத் துறையில் ஆர்வமுள்ள பெரியவர்களுக்கும், உயர்நிலைப் பள்ளி அளவில் வேதியியல் அறிந்தவர்களுக்கும் இந்தப் பெட்டியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வேதியியலே தெரியாத சிறுவருக்கு வேற்றுலக உயிர்களைக் கட்டிப் பார் என்று கொடுத்துவிட்டு விலகிவிடக்கூடாது. துளை பொருந்தினால் எல்லாம் சாத்தியம் என்று அந்தச் சிறுவர் முடிவுசெய்தால், அதில் அவர் பிழை எதுவும் இல்லை. வாங்குபவர்கள் பிணைப்பு ஆற்றல் அட்டவணை ஒன்றை அச்சிட்டு மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது. தயாரிப்பாளர் சற்றுப் பெரிதாக ஒரு சிலிக்கான் பந்தையும், பிணைப்பு வலிமைக்கு ஏற்ப இறுக்கத்தில் வேறுபடும் இரண்டு, மூன்று வகைக் குச்சிகளையும் சேர்த்தால், மேலே சொன்ன குறைகளில் பெரும்பகுதி நீங்கிவிடும். உதிரிப் பந்துகளைத் தனியாக விற்கும் தயாரிப்பைப் பார்த்து வாங்குங்கள். வெள்ளைப் பந்துகளும் நீண்ட குச்சிகளும்தான் முதலில் தீர்கின்றன, படிகக்கல்லைக் கட்டும் எண்ணம் இருந்தால் சிவப்பும்.